நிலநடுக்கப் பொறியியல் ஆய்வுக்கு ஐரோப்பியப் பொதுத் தரவுச் சேவை: படிப்படியாகக் கட்டும் வழி

இத்தாலியின் இஸ்ப்ராவில் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் நடத்தும் எல்சா ஆய்வகத்தில் 16 மீட்டர் உயரமும் 21 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. சுவரில் ஹைட்ராலிக் ஜாக்கிகளைப் பொருத்தி, எதிரே முழு அளவில் கட்டிய கட்டடத்தைத் தள்ளியும் இழுத்தும், நிலநடுக்கம் வந்தால் அது என்ன ஆகும் என்று பார்க்கிறார்கள். 2004-இல் ஸ்பியர் என்ற திட்டத்துக்காக அங்கே மூன்று தளக் கட்டடம் ஒன்றைச் சோதித்தார்கள். கிரேக்கத்தில் பழைய விதிகளின்படி, நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் கட்டிய வீடுகளின் மாதிரி அது. 1979 மான்டிநீக்ரோ நிலநடுக்கத்தில் ஹெர்செக் நோவியில் பதிவான அதிர்வைத் தேவைக்கேற்ப மாற்றி அதற்குக் கொடுத்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தை ஒருமுறைதான் உடைக்க முடியும். உடைத்த பிறகு மிஞ்சுவது சென்சார்கள் பதிந்த எண்களும் படங்களும் குறிப்புகளும்தான். ஸ்பியர் கட்டடத்தை வைத்து எத்தனையோ நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணினி மாதிரிகளைச் சரிபார்த்திருக்கிறார்கள். எல்லாச் சோதனைக்கும் இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. கட்டுரை வெளியாகும், முனைவர் பட்டம் முடியும், தரவு ஒரு ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். பல லட்சம் யூரோ செலவழித்துப் பெற்ற அறிவு அங்கேயே நின்றுவிடும்.

இதைத் தடுக்க ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு பொதுத் தரவுச் சேவையை எப்படிக் கட்டலாம் என்பதுதான் இந்த வழிகாட்டி. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வகத்திலோ தரவுப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் இது உங்களுக்குத்தான். அழகான போர்ட்டல் செய்வதில் இருந்து பலர் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் போர்ட்டல் கடைசி வேலை. முதலில் வேண்டியது, ஒரு சோதனையை எப்படி விவரிப்பது என்பதில் எல்லோருக்கும் பொதுவான ஓர் ஒப்பந்தம். அது சரியாக அமைந்தால் மற்றவை பின்னாலேயே வரும்.

படி 1: எந்தக் கேள்விக்கு விடை தரப்போகிறோம்?

சேவையைத் திட்டமிடும் முன், அதைத் தேடி வரப்போகிறவர்களின் கேள்விகளை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வகை ஆட்கள் நிச்சயம் வருவார்கள்.

முதலாமவர் கணினி மாதிரி செய்பவர். "விளிம்பில் கொக்கி இல்லாத மழமழ கம்பி போட்ட தூண்களைச் சோதித்த தரவு எங்கே இருக்கிறது? கான்கிரீட்டின் உண்மையான வலிமை என்ன?" என்று கேட்பார். இரண்டாமவர் யூரோகோடு 8 (நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐரோப்பிய விதிநூல்) போன்றவற்றை எழுதும் குழுவில் இருப்பவர். அவருக்கு ஒரே வகை உறுப்பின் மேல் பல ஆய்வகங்களில் நடந்த சோதனைகள் ஒரே அட்டவணையில் வேண்டும். மூன்றாமவர் இழப்பைக் கணக்கிடுபவர். எந்த அளவு அதிர்வுக்கு எந்த அளவு சேதம் என்பது அவருக்கு வேண்டும்; அலைவடிவம் முழுதாகத் தேவைப்படாது.

இந்தக் கேள்விகளை ஒரு பக்கத்தில் எழுதி, பங்கேற்கும் எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்புங்கள். பிறகு எந்தத் தகவலைக் கட்டாயம் கேட்பது, எதை விடுவது என்று வாக்குவாதம் வரும்போது, இந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

படி 2: ஏற்கெனவே இருப்பதை மறுபடி கட்டாதீர்கள்

ஐரோப்பாவில் நிலநடுக்கத் தரவு என்று சொன்னால் அதில் இரண்டு உலகங்கள் உண்டு. ஒன்று நிலத்தின் அதிர்வைப் பதியும் நிலையங்களின் உலகம். இன்னொன்று கட்டடங்களை உடைத்துப் பார்க்கும் ஆய்வகங்களின் உலகம். முதல் உலகம் வெகுதூரம் முன்னேறிவிட்டது, அதனிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

நில அதிர்வு நிலையங்களின் தரவை ஒருங்கிணைக்க 1987-இல் தொடங்கிய ஓர்ஃபியூஸ் அமைப்பு நெதர்லாந்தின் டி பில்ட்டில் இருந்து இயங்குகிறது. அதன் கீழ் வரும் ஐடா என்ற ஒருங்கிணைந்த காப்பகத்தில் பல நாடுகளின் தரவு மையங்கள் சேர்ந்திருக்கின்றன. ஜெர்மனியின் ஜிஎஃப்இசட், இத்தாலியின் ஐஎன்ஜிவி, சூரிச்சின் இடிஎச், இஸ்தான்புல்லின் காண்டில்லி, ஏதென்ஸின் தேசிய வானாய்வகம் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு மையமும் தன் தரவைத் தன்னிடமே வைத்திருக்கிறது; ஆனால் எல்லாமே எஃப்டிஎஸ்என் என்ற பன்னாட்டு நிலைய வலையமைப்புக் கூட்டமைப்பு வகுத்த ஒரே வகை வலைச்சேவை வழியாகப் பேசுகின்றன. ஆப்ஸ்பை என்ற பைத்தான் நூலகத்தில் சில வரிகள் எழுதினால் போதும், எந்த நிலையத்தின் தரவு எந்த மையத்தில் இருக்கிறது என்பதை வழிகாட்டிச் சேவையே கண்டுபிடித்துத் தந்துவிடும்.

பொறியாளர்களுக்கென்றே ஈஎஸ்எம் என்ற வலுவதிர்வு (பலமான நில அதிர்வு) தரவுத்தளம் இருக்கிறது. ஐரோப்பா, மத்தியதரைக்கடல், மத்திய கிழக்குப் பகுதிகளில் 4.0 அளவுக்கும் மேற்பட்ட நிலநடுக்கங்களின் முடுக்கப் பதிவுகளைச் சரிபார்த்து, திருத்தி வைத்திருக்கிறார்கள். ஆபத்து வரைபடங்களுக்கும் இழப்பு மாதிரிகளுக்கும் எஃபெர் என்ற அமைப்பு. 2022-இல் வெளியான 2020 ஐரோப்பிய நிலநடுக்க ஆபத்து மாதிரியும் அதோடு வந்த இழப்பு மாதிரியும் அங்கே திறந்த நிலையில் கிடைக்கின்றன. இவற்றுக்கெல்லாம் குடையாக, புவி அறிவியல் துறைகள் அனைத்தையும் சேர்க்கும் ஈபோஸ். 2018 அக்டோபரில் அது ஐரோப்பியச் சட்டப்படியான ஆய்வுக் கட்டமைப்பு அமைப்பாகப் பதிவானது, தலைமையகம் ரோமில்.

இரண்டாம் உலகத்திலும் முயற்சி நடக்காமல் இல்லை. பட்ராஸ் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த சீரீஸ் திட்டம் 2009 முதல் 2013 வரை நடந்தது. ஆய்வகங்கள் தரவைத் தங்களிடமே வைத்துக்கொண்டு ஒரே வாசல் வழியாகக் காட்டும் பகிர்ந்த தரவுத்தளம் ஒன்றை அது உருவாக்கியது. பிறகு 2017 முதல் 2020 வரை சூரிச் தலைமையில் செரா திட்டம். 2022-இல் பவியாவைத் தலைமையாகக் கொண்டு எரீஸ் தொடங்கியது. இவற்றின் அறிக்கைகளைப் படிக்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். குறிப்பாக சீரீஸ் வகுத்த தரவு அமைப்பு இன்றும் உபயோகமானது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. நீஸ் என்ற ஆய்வக வலையமைப்புக்கு ஒரே நிதி நிறுவனம், தேசிய அறிவியல் நிறுவனம். அதனால் ஒரே மையக் களஞ்சியத்தில் தரவைக் கொண்டுவந்து சேர் என்று அவர்களால் உத்தரவிட முடிந்தது. இன்று அந்த வேலையை டெக்சாஸில் இருந்து இயங்கும் டிசைன்சேஃப் செய்கிறது. ஐரோப்பாவில் லிஸ்பனின் எல்நெக் ஆய்வகத்துக்கு ஒரு அரசு, பாரிஸ் அருகே சக்லேயில் உள்ள அதிர்வு மேசைக்கு (மேலே வைத்த மாதிரியை நிலநடுக்கம் போல ஆட்டும் மேடை) இன்னொரு அரசு, ஸ்கோப்யேயின் இசீஸ் ஆய்வகத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லாத ஒரு நாடு. இங்கே உத்தரவு போட ஆள் கிடையாது. சம்மதிக்க வைத்துத்தான் சேர்க்க வேண்டும், இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த நிலைமையை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

படி 3: ஒரு சோதனையை முழுதாக விவரிக்கும் அமைப்பு

இதுதான் வேலையின் நடுநாயகம். நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

நில அதிர்வு நிலையத்தின் தரவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி: ஒரு கருவி, ஓர் இடம், தொடர்ந்து வரும் எண்கள். சோதனை அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனி ரகம். ஒன்றில் தூண், இன்னொன்றில் செங்கல் வீடு, வேறொன்றில் மணல் நிரப்பிய பெட்டிக்குள் புதைத்த குழாய். இத்தனையும் ஒரே அச்சுக்குள் அடங்க வேண்டுமென்றால் அச்சு எளிமையாக இருக்க வேண்டும். சீரீஸ் எடுத்த வழி நான்கு அடுக்கு: திட்டம், அதன் கீழ் சோதனை மாதிரி (சோதிக்கக் கட்டிய பொருள்), அதன் கீழ் சோதனை அல்லது கணக்கீடு, அதன் கீழ் பதிவலை (ஒரு சென்சார் பதிந்த அலை). இதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். இனி ஒவ்வோர் அடுக்கிலும் என்ன தவறிப்போகும் என்று பார்ப்போம்.

மாதிரி அடுக்கில் மூன்று விஷயம் கட்டாயம். முதலாவது, வரைபடத்தில் உள்ளது போக, உண்மையில் கட்டியது என்ன. கம்பி இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் அதுவும் பதிவாக வேண்டும். இரண்டாவது, பொருள்களின் அளந்த வலிமை. வடிவமைப்பில் எழுதிய கான்கிரீட் தரம் ஒன்று, சோதனை நாளன்று உருளை உடைத்து அளந்தது வேறு. இரண்டையும் தனித்தனிப் புலமாக வையுங்கள். ஒரே புலமாக வைத்தால் ஆளுக்கொன்றை நிரப்பிவிடுவார்கள். மூன்றாவது, அளவு விகிதம்.

விகிதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எல்நெக்கின் பெரிய மேசை 5.6 மீட்டருக்கு 4.6 மீட்டர், சக்லேயின் அசாலே 6 மீட்டருக்கு 6 மீட்டர். பல தளக் கட்டடத்தை இவற்றின் மேல் முழு அளவில் ஏற்ற முடியாது, பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருக்குகிறார்கள். பாதி அளவு மாதிரியில் கூடுதல் எடை சேர்த்து, முடுக்கத்தை மாற்றாமல் சோதித்தால், காலம் 1.41 மடங்கு சுருங்கும். மாதிரியில் 7 ஹெர்ட்ஸ் என்று அளந்தது உண்மைக் கட்டடத்தில் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ். எடை சேர்க்காத வகையில் கணக்கே வேறு: காலம் பாதியாகும், முடுக்கம் இரட்டிக்கும். மையவிலக்குப் பொறியில் நடக்கும் மண் சோதனைகளில் 50 ஜியில் (புவியீர்ப்பின் 50 மடங்கில்) சுழற்றினால் முடுக்கம் 50 மடங்காகிவிடும். ஆகவே ஒவ்வொரு பதிவலைக்கும் "இது மாதிரியின் அளவிலா, உண்மைக் கட்டடத்தின் அளவிலா" என்ற ஒரு புலம் தேவை. அது காலியாக இருந்தால் பதிவேற்றத்தையே ஏற்காதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சோதனை அடுக்கில் மறக்கக் கூடாதது வரிசை. ஒரே மாதிரிக்கு முதலில் மெல்லிய அதிர்வு, பிறகு நடுத்தரம், கடைசியில் கடுமையானது என்று பலமுறை ஆட்டுவார்கள்; ஒவ்வொரு முறையும் ஓர் ஓட்டம். ஐந்தாவது ஓட்டத்தில் தெரிந்த விரிசலுக்கு முதல் நான்கு ஓட்டங்களும் பொறுப்பு. ஐந்தாவதை மட்டும் தனியே எடுத்துப் பயன்படுத்தினால், ஏற்கெனவே சேதமான கட்டடத்தைப் புதியது என்று நினைத்துக் கணக்குப் போட்டதாக ஆகிவிடும். ஒவ்வோர் ஓட்டத்திலும் முந்தைய ஓட்டத்தின் அடையாள எண், அந்நேரச் சேத நிலை, அப்போதைய இயற்கை அதிர்வெண் (கட்டடம் தானாக ஆடும் வேகம்) ஆகியவை இருக்கட்டும்.

மேசைக்குக் கொடுத்த கட்டளையும் மேசை உண்மையில் ஆடியதும் ஒன்றாக இராது. கனமான மாதிரி மேலே நிற்கும்போது மேசை கட்டளையை அப்படியே பின்பற்றாது. இரண்டு அலைகளையும் சேமியுங்கள். கணினி மாதிரிக்கு உள்ளீடாக வேண்டியது மேசை உண்மையில் ஆடிய அலை.

எல்சா போன்ற சுவர்ச் சோதனைகளில் இன்னொரு நுணுக்கம். அங்கே நிலநடுக்கம் நிஜ வேகத்தில் நடப்பதில்லை. ஒவ்வொரு சிறு காலப் படிக்கும் கணினி சமன்பாட்டைத் தீர்த்து, ஜாக்கி அந்த இடத்துக்கு நகர்ந்து, விசையை அளந்து, அடுத்த படிக்குப் போகிறது. சில வினாடி நிலநடுக்கத்துக்கு ஆய்வகத்தில் மணிக்கணக்காகும். ஆகவே "நேரம்" என்ற நெடுவரிசைக்கு இரண்டு பொருள் உண்டு: நிலநடுக்க நேரம், கடிகார நேரம். எது என்று எழுதவில்லையானால் தரவை எடுத்தவர் தவறான வேகத்தைக் கணக்கிடுவார்.

பதிவலை அடுக்கில் சென்சாரின் வகை, அது நின்ற இடத்தின் மூன்று ஆயத்தொலைவுகள், திசைக்குறி, அலகு, வினாடிக்கு எத்தனை அளவீடு, வடிகட்டியிருந்தால் வெட்டு அதிர்வெண். முடுக்கம் ஜியிலா, மீட்டர்/வினாடி²-இலா என்பதில் ஏற்படும் குழப்பம் 9.81 மடங்குப் பிழை. அதுவாவது கண்ணில் படும். திசைக்குறி மாறினால் கண்ணிலேயே படாது. கட்டடம் முறுக்கிக்கொள்வது போலக் கணக்கு வரும். ஒரு படத்தில் அச்சுகளை வரைந்து, எல்லாச் சென்சாரையும் குறித்து, அந்தப் படத்தையும் தரவோடு சேர்ப்பது நல்ல பழக்கம்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 100 சென்சார், வினாடிக்கு 200 அளவீடு, ஒரு நிமிட ஓட்டம், எண்ணுக்கு 4 பைட். மொத்தம் 4.8 மெகாபைட். காணொளிகள்தான் இடத்தை அடைக்கும், எண்கள் ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். ஆகவே "சேமிக்க இடமில்லை" என்ற பேச்சு வந்தால் அது பெரும்பாலும் காரணமே இல்லை. விவரிக்க நேரமில்லை என்பதே உண்மையான தடை. உங்கள் சேவை அந்த நேரத்தைக் குறைக்க வேண்டும்: சோதனைக்கு முன்பே நிரப்பும் படிவம், முந்தைய சோதனையின் விவரத்தை நகலெடுக்கும் வசதி, சென்சார் பட்டியலை விரிதாளில் இருந்து அப்படியே ஏற்றும் வழி.

படி 4: சொற்களும் அடையாள எண்களும்

இத்தாலிய, துருக்கிய, கிரேக்க, போர்ச்சுக்கீசிய ஆய்வகக் குறிப்புகள் ஒரே தேடலில் வர வேண்டுமென்றால் சொற்பட்டியல் ஒன்று வேண்டும். சுவர் வகை, கட்டமைப்பு வகை, சேத நிலை, சென்சார் வகை: இந்த நான்கில் தொடங்கினால் போதும். பட்டியலில் இல்லாததைச் சேர்க்க "மற்றவை" என்று ஒரு வழியும், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துப் பட்டியலில் சேர்க்க ஒரு ஆளும் தேவை.

இடம் என்ற புலத்தை இரண்டாகப் பிரியுங்கள். வடக்கு நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் இயற்கை எரிவாயு எடுத்ததால் நிலம் அதிர்ந்தபோது, அந்த ஊர்ச் செங்கல் வீடுகளின் முழு அளவு மாதிரிகளை இத்தாலியின் பவியாவில் உள்ள யூசென்டரிலும் லிஸ்பனிலும் சோதித்தார்கள். சோதனை நடந்த இடம் இத்தாலி அல்லது போர்ச்சுகல், கட்டட மரபு டச்சு. ஒரே புலம் இருந்தால் டச்சு வீடு இத்தாலிய வீடாகப் பதிவாகி, இழப்புக் கணக்கு போடுகிறவரை ஏமாற்றும்.

அடையாளத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். தரவுத் தொகுப்புக்கு டிஓஐ (மாறாத இணைய அடையாளம்), ஆளுக்கு ஆர்கிட், நிறுவனத்துக்கு ரோர். டிஓஐயைத் திட்டத்துக்கா, மாதிரிக்கா, ஒவ்வோர் ஓட்டத்துக்கா கொடுப்பது என்று விவாதம் வரும். மாதிரிக்கு ஒன்று கொடுங்கள் என்பேன். மேற்கோள் காட்டுபவர் "இந்தக் கட்டடம்" என்றுதான் சொல்வார்.

படி 5: கோப்பு வடிவம்

நிலைய உலகத்தில் மினிசீட், ஸ்டேஷன் எக்ஸ்எம்எல், குவேக் எம்எல் என்று முடிவாகிவிட்டது, அதைத் தொடாதீர்கள். சோதனைத் தரவுக்கு, எண்களையும் விவரத்தையும் ஒரே கோப்பில் வைக்கும் எச்டிஎஃப்5-ஐ முதன்மையாகவும், காற்புள்ளி பிரித்த உரைக்கோப்பைத் துணையாகவும் வையுங்கள். ஒரு குறிப்பிட்ட மென்பொருள் இருந்தால்தான் திறக்கும் வடிவத்தை மட்டும் ஏற்காதீர்கள், நிறுவனம் மூடினால் தரவும் மூடிவிடும். மூலத்தைத் திருத்தாமல் அப்படியே ஒரு நகல் எப்போதும் இருக்கட்டும்.

படி 6: தரவு எங்கே இருக்கும்?

மையக் களஞ்சியமா, பகிர்ந்த அமைப்பா என்று முதல் கூட்டத்திலேயே சண்டை வரும். ஐரோப்பாவில் இதற்கு ஒரே நடைமுறை விடைதான்: விவரம் மையத்தில், தரவு அவரவர் வீட்டில். எந்த ஆய்வகமும் தன் தரவின் மேலுள்ள பிடியை விட்டுக்கொடுக்க விரும்பாது. அதில் தப்பும் இல்லை. தரவைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

நடைமுறையில் இப்படி அமையுங்கள். ஒவ்வொரு ஆய்வகமும் ஒரு சிறு சர்வரில் உங்கள் மென்பொருளை நிறுவி, சேவையின் ஒரு கணுவாக (இணைப்புப் புள்ளியாக) ஆகும். அது இரண்டு வேலை செய்யும்: மெட்டாடேட்டாவை, அதாவது சோதனையின் விவரத்தைக் கேட்டால் தரும், கோப்பைக் கேட்டால் தரும். மைய அட்டவணை தினமும் இரவில் எல்லாக் கணுக்களையும் கேட்டுப் புதியதைச் சேர்த்துக்கொள்ளும். பயனர் மையத்தில் தேடுவார். கோப்பு ஆய்வகத்தில் இருந்து நேரே இறங்கும். கணு மென்பொருளை தேவையான எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரே கட்டளையில் நிறுவக்கூடிய கன்டெய்னராகக் கொடுங்கள். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வகத்தில் சர்வர் நிர்வாகி என்று தனியே யாரும் இருப்பதில்லை, பெரும்பாலும் அந்த வேலையையும் ஒரு ஆராய்ச்சி மாணவர்தான் பார்க்கிறார்.

இரண்டு சிக்கல்கள் வரும். ஒன்று, கணு படுத்துவிடும். பல்கலைக்கழக ஃபயர்வால் மாறும், சான்றிதழ் காலாவதியாகும், சர்வர் வாங்கியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஒவ்வொரு கணுவுக்கும் தினமும் உயிரோடிருக்கிறதா என்ற சோதனையும், மையத்தில் ஒரு காப்பு நகலும் தேவை. காப்பு நகல் வைப்பதற்கான அனுமதியைச் சேரும்போதே கையெழுத்தாக வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. இரண்டு, கணு நடத்தவே முடியாத சிறு ஆய்வகங்கள். அவர்களுக்குப் பெரிய ஆய்வகம் ஒன்று இடம் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் செர்ன் 2013 முதல் நடத்தும் செனோடோவில் ஏற்றி, டிஓஐயை மட்டும் உங்கள் அட்டவணையில் சேர்த்தாலும் சரி.

ஈபோஸ் அட்டவணையில் உங்கள் சேவையும் தெரிய வேண்டும் என்று ஒருநாள் கேட்பார்கள். ஈபோஸ்-டிகேட்-ஏபி என்ற அவர்களது விவர அமைப்பில் உங்கள் புலங்கள் எது எதற்குப் பொருந்தும் என்ற அட்டவணையை இப்போதே தயாரித்து வைத்தால் அன்றைக்கு வேலை எளிது.

படி 7: உரிமம், தடைக்காலம், அனுமதி

தரவைத் திறந்து வைக்கச் சொன்னால் ஆராய்ச்சியாளர் முதலில் கேட்பது: "நான் கட்டுரை எழுதும் முன் வேறு யாராவது எழுதிவிட்டால்?" இது நியாயமான பயம், குறிப்பாக முனைவர் பட்ட மாணவருக்கு. தடைக்காலம் கொடுங்கள், ஆனால் அதற்கு ஒரு முடிவுத் தேதி இருக்கட்டும். இரண்டு ஆண்டு என்று வைத்து, தேதி வந்ததும் கணினியே தானாகத் திறக்கும்படி செய்யுங்கள். கையால் திறக்க வேண்டும் என்று வைத்தால் அது நடக்காமலே போகும். தடைக்காலத்திலும் விவரம் மட்டும் எல்லோருக்கும் தெரியட்டும். அப்படியொரு சோதனை நடந்தது என்று தெரிந்தால், வேறொருவர் அதையே மறுபடி செய்து செலவழிக்க மாட்டார்.

உரிமத்துக்கு சிசி பை 4.0: மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். விதிநூல்படி கட்டடம் வடிவமைக்கும் நிறுவனங்களும் வணிகம்தான், அவர்கள் கைக்குப் போகாவிட்டால் தரவு எந்தக் கட்டடத்தையும் காப்பாற்றாது.

நிலநடுக்கத்துக்குப் பின் வீடு வீடாகப் போய் எடுத்த சேதத் தகவல் இருந்தால் கவனம். முகவரியும் உரிமையாளர் பெயரும் தனிநபர் தகவல்; 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டத்துக்குள் வரும். முகவரியைத் தொகுதி அளவுக்குப் பொதுமைப்படுத்தி, வீட்டு முகப்புப் படங்களில் ஆட்களின் முகத்தை மறைத்து வெளியிடுங்கள். உள்நுழைய, பல்கலைக்கழகக் கணக்கையே ஏற்கும் எடுகெய்ன் இருக்கிறது. தனிக் கடவுச்சொல் தேவையில்லை.

படி 8: தரச் சோதனை

நிலைய உலகத்தில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சிறந்த யோசனை இது. ஓர்ஃபியூஸில் வலுவதிர்வுக்கு இரண்டு சேவைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஆர்ஆர்எஸ்எம் 3.5-க்கு மேற்பட்ட நிலநடுக்கங்களுக்குத் தானாகவே, மனிதர் பார்க்காமல், சிறிது நேரத்திலேயே எண்களைத் தருகிறது. ஈஎஸ்எம் ஆட்கள் பார்த்துத் திருத்திய பதிவைத் தருகிறது. அவசரமும் துல்லியமும் வேறு வேறு ஆட்களின் தேவை என்று ஒப்புக்கொண்டு, இரண்டையும் பெயரிலேயே பிரித்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரி 6-இல் துருக்கியின் கஹ்ரமன்மராஷ் பகுதியில் 7.8, 7.5 அளவில் அடுத்தடுத்து இரண்டு நிலநடுக்கங்கள் வந்து, சில நிலையங்களில் 1 ஜிக்கு மேல் முடுக்கம் பதிவானபோது, உலகெங்கும் பொறியாளர்கள் தேடியது அலைவடிவங்களைத்தான். அந்த நேரத்தில் "இது தானியங்கி, இது சரிபார்த்தது" என்ற வேறுபாடு தெளிவாகத் தெரிவது எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சோதனைத் தரவுக்கும் மூன்று நிலை வையுங்கள்: ஏற்றியது, இயந்திரம் சரிபார்த்தது, ஆள் சரிபார்த்தது. இயந்திரம் பார்க்க வேண்டியவை எளியவை. அலகு இருக்கிறதா, விகிதப் புலம் நிரம்பியிருக்கிறதா, சென்சார் செறிவடைந்து அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருக்கிறதா, ஓட்டம் தொடங்கும் முன் எண்கள் பூஜ்யத்தின் அருகில் நிற்கின்றனவா. முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால் வரும் இடப்பெயர்ச்சி, தனியே அளந்த இடப்பெயர்ச்சியோடு ஒத்துப்போகிறதா என்பதை ஆள் பார்க்கட்டும். தொகையிடும்போது அலை மெல்ல மெல்ல விலகிப்போவது வடிகட்டும் விதத்தைப் பொறுத்தது, இயந்திரம் அவசரப்பட்டுத் தப்பு என்று சொல்லிவிடும்.

படி 9: இப்போது போர்ட்டல்

ஒரு தேடல் பெட்டி, ஒரு வடிகட்டிப் பட்டை, மாதிரியின் பக்கம், அலையை உலாவியிலேயே வரைந்து காட்டும் ஒரு கருவி. இவ்வளவு போதும். நிரல்கள் நேரே தரவைக் கேட்டுப் பெறும் வழியான ஏபிஐ மட்டும் முதல் நாளிலிருந்தே திறந்திருக்கட்டும், ஒவ்வொரு மாதிரிப் பக்கத்திலும் அதைப் பைத்தானில் இறக்கும் சில வரி நிரலும் கிடக்கட்டும். மாணவர்கள் அதைத்தான் நகலெடுப்பார்கள்.

படி 10: திட்டம் முடிந்த மறுநாள் யார் சம்பளம் கொடுப்பார்கள்?

இதைப் பத்தாவதாக எழுதினாலும் முதல் மாதத்திலேயே பேசத் தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஆய்வு நிதி மூன்று, நான்கு ஆண்டுத் திட்டங்களாக வருகிறது. சீரீஸ் 2013-இல் முடிந்தது, செரா 2020-இல் முடிந்தது. திட்டத்தின் பணத்தில் கட்டலாம், ஆனால் சேவையை அதில் ஆண்டுக்கணக்காக நடத்த முடியாது. நிலைய உலகம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் மென்பொருள் இல்லை. அங்கே ஒவ்வொரு நாட்டு நிறுவனமும் தன் கணுவைத் தன் வழக்கமான பட்ஜெட்டிலேயே நடத்துகிறது; ஓர்ஃபியூஸ் போன்ற அமைப்பு விதிகளையும் கூட்டங்களையும் பார்த்துக்கொள்கிறது.

அதே வழியில் போங்கள். ஒவ்வொரு கணுவுக்கும் அதன் நிறுவனத்திடம் இருந்து எழுத்துப்பூர்வ உறுதி: இத்தனை ஆண்டுக்கு இந்தச் சேவையை நடத்துவோம், நிறுத்துவதானால் ஆறு மாதம் முன்பே சொல்லித் தரவை ஒப்படைப்போம். மைய அட்டவணையின் செலவு சின்னது: ஒரு சர்வர், ஒரு நிரலாளர், ஒரு தரவுக் காப்பாளர். இந்தக் கடைசி ஆளைத்தான் பட்ஜெட்டில் முதலில் வெட்டுவார்கள். வெட்ட விடாதீர்கள். கட்டமைப்புப் பொறியியல் தெரிந்த, படிவத்தை வாசித்து "இந்தச் சென்சார் எந்தப் பக்கம் பார்க்கிறது?" என்று ஆய்வகத்துக்குத் தொலைபேசி போடக்கூடிய ஒருவர் இல்லாத சேவை, சில ஆண்டுகளிலேயே பாதி நிரப்பிய படிவங்களின் கிடங்காகிவிடும்.

ஆய்வகங்கள் தொடர்ந்து பங்கேற்கக் காரணமும் வேண்டும். எரீஸ் போன்ற திட்டங்களில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு ஆய்வகத்தை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். அந்த அனுமதிக்கு, சோதனைத் தரவைப் பொதுச் சேவையில் சேர்ப்பதை நிபந்தனையாக வைக்கலாம். தரவின் டிஓஐ எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்பதை ஆண்டுதோறும் ஆய்வக இயக்குநருக்கு ஒரு பக்க அறிக்கையாக அனுப்புங்கள். அவர் அதைத் தன் அமைச்சகத்துக்குக் காட்டுவார்.

படி 11: மூன்று ஆய்வகங்களோடு தொடங்குங்கள்

இருபது ஆய்வகங்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினால் சொற்பட்டியல் கூட்டத்திலேயே ஓர் ஆண்டு போய்விடும். ஒரு அதிர்வு மேசை, எல்சாவில் உள்ளது போன்ற ஒரு எதிர்வினைச் சுவர், ஒரு மையவிலக்குப் பொறி என்று வகைக்கு ஒன்றாக மூன்று போதும். ஒவ்வொன்றிடமும் இரண்டு சோதனை கேளுங்கள்: ஒன்று பழையது, ஒன்று இனி நடக்கப்போவது. பழையதில் எந்தத் தகவல் என்றைக்குமே கிடைக்காது என்று தெரியும். புதியதில் எந்தத் தகவலைச் சோதனைக்கு முன்பே கேட்க வேண்டும் என்று தெரியும்.

சேவையைத் திறந்துவிடும் முன் ஒரு தேர்வு வையுங்கள். சோதனையில் சம்பந்தமே இல்லாத, வேறு நாட்டில் இருக்கும் ஒரு முதலாண்டு ஆராய்ச்சி மாணவரிடம் மாதிரியின் டிஓஐயை மட்டும் கொடுங்கள். கட்டுரையைப் படிக்கக் கூடாது, ஆய்வகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பக் கூடாது. சேவையில் கிடைப்பதை மட்டும் வைத்து அவர் கணினி மாதிரி ஒன்றைச் செய்து, முதல் இயற்கை அதிர்வெண்ணையும் கடைசி ஓட்டத்தின் உச்ச இடப்பெயர்ச்சியையும் கணக்கிடட்டும். அவர் எங்கெல்லாம் நின்றுபோனார், எந்தப் புலத்தைத் தேடி ஏமாந்தார், எந்த அலகை ஊகித்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைக் கொண்டுபோய்ப் படி 3-இன் படிவத்தைத் திருத்துங்கள். பிறகு இரண்டாவது மாணவரைக் கூப்பிடுங்கள்.